ரெண்டு சுவர் பாக்கி

அத்தை சுவரைக் கண்டால் சும்மா நிற்க மாட்டாள். அடுப்பில் பால் பொங்கக் காத்திருக்கும்போது, குளியலறையிலிருந்து யாராவது வெளியே வரக் காத்திருக்கும்போது, பேருந்து நிறுத்தத்தில், மருந்துக்கடை வாசலில், பக்கத்தில் ஒரு சுவர் இருந்தால் போதும். இரண்டு உள்ளங்கைகளையும் அதில் பதித்து, முழங்கை மடங்காமல், ஒரு காலைப் பின்னால் ஊன்றி, மூச்சை மெல்ல விட்டுக்கொண்டே தள்ளுவாள். மயக்கம் வந்து சாய்கிறாள் என்று நினைத்து வெளியாட்கள் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார்கள். "ஒண்ணுமில்லைங்க, சும்மாதான்" என்று வெட்கத்தோடு கையை எடுப்பாள். அவர்கள் திரும்பியதும் மறுபடி வைப்பாள்.

"வீடு விழுந்துடும்னு தாங்கிப் புடிக்கிறியா?" என்பார் அப்பா. "வாடகை வீடும்மா இது. விழுந்தா வீட்டுக்காரன் கவலைப்பட்டுக்குவான்."

நான் நடுநிலைப் பள்ளியில் படித்த காலத்திலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தேன். ஆரம்பத்தில் அது ஒரு விளையாட்டுப் போல இருந்தது. ஒரு தள்ளு, ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். பிறகு ஒரு வருடத்திலிருந்து சிரிப்பு நின்றுபோனது. கைகள் மட்டும் சுவரிலேயே இருக்கும். கூப்பிட்டாலும் காது கேட்காது. அந்த வருடத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. பெட்டியை வைக்க அலமாரிக்கு மேலே இடம் ஒழித்துக் கொடுத்தார்கள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தாள். கல்லூரிப் படியை எங்கள் குடும்பத்தில் முதலில் மிதித்தவள் நான்தான். அதனால் வீட்டில் என் பெயரே போய்விட்டது. "பட்டதாரி வந்தாச்சு, டீயைச் சூடு பண்ணுங்க" என்பார் அப்பா. நான் முதலாண்டில் சேர்ந்த அன்றே பட்டம் கொடுத்துவிட்டார்.

அத்தைக்கு வேலை ஒரு சின்னத் தனியார் பள்ளியில், இரண்டாம் வகுப்பு. தற்காலிக வேலை. ஆண்டு முடியும்போது தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஆண்டு உள்ளே நுழையலாம். அந்தத் தலைமையாசிரியையைப் பள்ளியில் எல்லாரும் 'பெரிய டீச்சர்' என்பார்கள். ஆள் சின்ன உருவம். அவருடைய அலுவலகம் கீழே; அதற்கு நேர் மேலே, மாடியில், அத்தையின் வகுப்பு.

வேலையில் சேர்ந்த புதிதில் அத்தைக்குத் தொண்டை அடிக்கடி கட்டிப்போகும். சாயங்காலம் வந்ததும் உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, சைகையிலேயே பேசுவாள். வகுப்பில் சத்தம் போட்டாள், மேசையை அடித்தாள், பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றினாள், வெளியே நிறுத்தினாள். எதுவும் நடக்கவில்லை. ஒரு பக்கத்தை அடக்கினால் மறுபக்கம் கிளம்பும். பாடம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஒருவன் பெஞ்சுக்கு அடியில் இருப்பான், ஒருத்தி பக்கத்தில் இருப்பவளின் பின்னலை அவிழ்த்துக்கொண்டிருப்பாள். "எனக்கு இந்த வேலை வராதுண்ணே" என்று அவள் அப்பாவிடம் அழுதது எனக்கு நினைவிருக்கிறது. அப்பா மூட்டை இறக்கும் குடோனில் கணக்கெழுதும் வேலை ஏதாவது கிடைக்குமா என்று கேட்டாள். "அங்க மூட்டை பேசாது. அது ஒண்ணுதான் வசதி" என்றார் அப்பா.

அந்தச் சமயத்தில்தான் ஆசிரியர்களை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். வகுப்பறையில் உடற்பயிற்சி. வலது கையால் இடது முழங்காலைத் தொடுவது, இடது கையால் வலது முழங்காலைத் தொடுவது, காற்றில் படுத்த எட்டு போடுவது, தரையில் சாக்பீஸ் கோடு கிழித்து அதன்மேல் குதிகாலும் விரலும் ஒட்ட நடப்பது. இப்படிச் செய்தால் மூளையின் இரண்டு பாதியும் கைகோத்துக்கொள்ளும், பாடம் மண்டையில் ஏறும், முரட்டுத்தனம் குறையும் என்றார் பயிற்சி கொடுத்தவர். பாதிப் பேர் தூங்கினார்கள். மீதிப் பேர் மதியச் சாப்பாடு எப்போது என்று கேட்டார்கள். அத்தை மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். நம்பிக்கையால் அல்ல. அவளிடம் வேறு எதுவும் மிச்சமில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் ஆரம்பித்தாள். பிள்ளைகள் எழுந்து நின்று கையை முழங்காலில் அடித்துக் குதித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பள்ளி ஆயா மூச்சு வாங்க மாடியேறி வந்தாள்.

"டீச்சர், கீழ ஃபேன் ஆடுது. மேல யானை கட்டியிருக்கீங்களான்னு பெரிய டீச்சர் கேக்கச் சொன்னாங்க."

அன்றிலிருந்து அத்தை சத்தமில்லாத அசைவுகளைத் தேட ஆரம்பித்தாள். குதிப்பது கூடாது, ஓடுவது கூடாது, பெஞ்சு நகரக் கூடாது. ஆனால் உடம்பு களைக்க வேண்டும். தேடித் தேடி அவள் கண்டுபிடித்தது சுவர். சுவரைத் தள்ளினால் சத்தம் வராது. சுவர் நகராது என்பதால் எவ்வளவு பலமிருந்தாலும் அதில் கொட்டலாம். கணக்குக்கு முன்னால் ஒரு தள்ளு, எழுத்துக்கு முன்னால் ஒரு தள்ளு. பின்சுவரில் பிள்ளைகளின் இடுப்புயரத்துக்குச் சற்று மேலே வரிசையாக உள்ளங்கை அழுக்குப் படிந்துபோனது. வகுப்பும் மெல்ல மெல்ல அவள் கைக்குள் வந்தது. வீட்டில் உப்புத் தண்ணீர் கொப்பளிப்பது நின்றது. சுவரைக் கண்டால் கை வைக்கும் பழக்கம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது.

"தள்ளினா அறிவு வளரும்னா, நாள் பூரா வண்டி தள்ளுற நான்தான் இந்த ஊர்லயே பெரிய மேதை" என்பார் அப்பா.

"அண்ணே, நீ தள்ளினா வண்டி நகருது. அதான் உனக்கு ஏறல" என்பாள் அத்தை.

கல்லூரியில் நான் கல்வி உளவியல் படித்தேன். இந்தப் பயிற்சிகளைப் பற்றி அங்கே ஒரு பாடம் வந்தது. மூளையின் இரண்டு பாதியும் இதனால் இணைகின்றன என்பதற்குச் சான்று இல்லை என்றது புத்தகம். நடுநடுவே உடம்பை அசைத்தால் சில பிள்ளைகளின் கவனம் கொஞ்ச நேரம் கூடக்கூடும் என்று மட்டும் ஒப்புக்கொண்டது. நான் வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன்.

"அப்ப புள்ளைங்க ஏன் உட்காருறாங்க?" என்று கேட்டாள்.

"வேற காரணமா இருக்கலாம். நீங்க கத்துறதை விட்டுட்டீங்க, அதனாலகூட இருக்கலாம்."

கொஞ்சம் யோசித்தாள். "இருக்கட்டும். நான் கத்தாம இருக்குறதுக்கும் அந்தச் சுவர்தானே காரணம்?"

அது எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது.

நான் முதலாண்டில் இருந்தபோதுதான் பம்பரம் வந்தாள். ஏழு வயதுப் பெண். பெயர் வகுப்புப் பிள்ளைகள் வைத்தது. நின்ற இடத்திலேயே சுற்றுவாள். சுற்றாவிட்டால் கடிப்பாள், கடிக்காவிட்டால் கையில் கிடைத்ததை வீசுவாள். ஏற்கெனவே சேர்த்த பள்ளிகள் எல்லாம் திருப்பி அனுப்பியிருந்தன. அவள் அம்மா ஒரு தையல் கம்பெனியில் மிஷின் மிதிப்பவள். அப்பா இல்லை, செத்தாரா போனாரா என்று தெரியாது.

சேர்த்த அன்றைக்கே அந்தத் தையல்காரி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், கம்பெனிக்குள்ள புள்ளையைக் கூட்டிட்டுப் போக விடமாட்டாங்க. இங்கயும் வேணாம்னுட்டா, நான் இவளை மிஷின் காலோட கட்டிப் போட்டுத்தான் சோறு போடணும்."

"அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா. நான் பாத்துக்குறேன்" என்றாள் அத்தை.

ஆனால் அடுத்த வாரமே பம்பரம் ஒரு பையன் மேல் தண்ணீர் பாட்டிலை வீசி அவன் உதடு கிழிந்தது. அவன் அப்பா வந்து அலுவலகத்தில் சண்டை போட்டார். பெரிய டீச்சர் அத்தையையும் தையல்காரியையும் நிற்க வைத்து, "இன்னொரு தடவை யாருக்காவது அடிபட்டா, பேரை எடுத்துடுவேன். அப்புறம் என்கிட்ட அழுது பிரயோஜனம் இல்ல" என்றார். தையல்காரி அங்கேயே அழுதுவிட்டாள். அந்தப் பள்ளியை விட்டால் அந்தப் பெண்ணுக்கு உட்கார வேறு பெஞ்சு இல்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

அத்தை அவளைச் சுவருக்குக் கொண்டுபோனாள். "கையை நேரா வை. முழங்கை மடங்கக் கூடாது. காலை நல்லா ஊனு. மூச்சை விட்டுக்கிட்டே தள்ளு. உள்ள இருக்குறதெல்லாம் சுவருக்குள்ள போகட்டும்."

பம்பரம் தள்ளினாள். கழுத்து நரம்பு புடைக்கத் தள்ளினாள். பிறகு திரும்பி வந்து, சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக, ஒரு கணக்கு முடியும்வரை பெஞ்சில் இருந்தாள்.

அன்று சாயங்காலம் அத்தை வீட்டுக்குள் நுழைந்ததே ஓட்டமும் நடையுமாகத்தான். "உட்கார்ந்துட்டாண்ணே! உட்கார்ந்துட்டா!" அப்பா யாரோ மயங்கி உட்கார்ந்துவிட்டதாக நினைத்துப் பதறிப் போனார்.

அதன்பிறகு வகுப்பில் ஒரு ஏற்பாடு வந்தது. பம்பரம் இரண்டு விரலைக் காட்டினால் அவள் சுவருக்குப் போகலாம். கேட்க வேண்டியதில்லை, யாரும் சிரிக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கப் போவதைப் போல அது வகுப்புக்குப் பழகிவிட்டது.

"டீச்சர், இன்னிக்குக் கொஞ்சம் நகர்ந்துச்சு."

"போதும் விடுடி. பக்கத்து வகுப்புல புள்ளைங்க உட்கார இடமில்லாமப் போயிடும்."

மாதக்கணக்கில் புகார் வரவில்லை. பம்பரம் எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தாள். தையல்காரிக்குக் கம்பெனியில் நல்ல மிஷினாக மாற்றிக் கொடுத்தார்கள். காலையில் மகளை விட்டுவிட்டுப் போகும்போது மாடியைப் பார்த்துக் கை அசைப்பாள். அத்தையும் அசைப்பாள். அத்தையின் வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல காலம் அதுதான்.

ஆண்டு முடியப்போகும் நேரத்தில், பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. பெரிய டீச்சர் பள்ளி முழுக்க வெள்ளை அடிக்க ஏற்பாடு செய்தார். அத்தை வகுப்பின் பின்சுவரில் இருந்த கை அழுக்குக்கு மேல் பெயிண்ட் இரண்டு பூச்சு. காலம் தப்பிய மழை விடாமல் பெய்துகொண்டிருந்ததால் பெயிண்ட் காயவில்லை. தொட்டால் ஒட்டியது.

வருகைக்கு முந்தின நாள் பெரிய டீச்சர் மாடிக்கு வந்து சுவரைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். "நாளைக்கு இந்தச் சுவர்ல ஒரு கை பட்டாலும் உங்களைத்தான் கேப்பேன். புள்ளைங்க கை கட்டி உட்காரணும். உங்க வித்தையெல்லாம் நாளைக்கு வேணாம்." போகும்போது படியில் நின்று, "கையெழுத்து வேற போட வேண்டியிருக்கு" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அவருக்கிருந்த ஆயிரம் வேலையில் ஒன்றாகச் சொன்னார். அத்தைக்கு அது போதுமானதாக இருந்தது.

அவள் வேறு ஏதாவது செய்திருக்கலாம். உள்ளங்கைகளை ஒன்றோடொன்று வைத்து அழுத்துவது உண்டு. உட்கார்ந்தபடியே பெஞ்சைப் பிடித்து உடம்பைத் தூக்குவது உண்டு. பெஞ்சு கிறீச்சிடும் என்று பயந்தாள். ஒன்றை அனுமதித்தால் எல்லாம் கிளம்பிவிடும் என்று பயந்தாள். எல்லாவற்றையும் நிறுத்தினாள். சுவரை விட்டுவிட்டு உட்காரப் பழக்க அவளுக்கு அதற்கு முன்னால் மாதங்கள் இருந்தன. அது அவளுக்குத் தோன்றவே இல்லை. சுவர் எங்கே போய்விடப்போகிறது என்று இருந்துவிட்டாள்.

அன்று காலை மணி அடிக்கும் முன்னால் பம்பரத்தைத் தனியாகக் கூப்பிட்டு, முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"இன்னிக்குச் சுவர் கிடையாது. ரெண்டு விரல் காட்டக் கூடாது. அப்படியே உட்காரணும். சரியா?"

"ஏன்?"

"சுவர் ஈரமா இருக்கு. இன்னிக்குக் கடன் வச்சுக்கோ. நாளைக்கு ரெட்டிப்பாத் தர்றேன்."

"கடைக்கார அக்காகிட்ட அம்மா வைக்கிற மாதிரியா?"

"ஆமா, அதே மாதிரிதான்."

பம்பரம் யோசித்தாள். "ரெட்டிப்புன்னா ரெண்டு சுவரா?"

"ரெண்டு சுவர். நாளைக்குக் கண்டிப்பா."

அவள் ஒப்புக்கொண்டாள். உள்ளங்கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தாள். அதிகாரி சீக்கிரம் வருவார் என்றார்கள், வரவில்லை. முதல் பாடம் போனது. பம்பரம் கையை எடுக்கவில்லை. இரண்டாவது பாடமும் போனது. உதட்டைக் கடித்துக்கொண்டு, கால் கட்டைவிரலைத் தரையில் அழுத்திக்கொண்டு இருந்தாள். ஒரு தடவை மட்டும், "டீச்சர், இன்னும் எவ்வளவு கடன் வைக்கணும்?" என்று கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். "கொஞ்சம்தாண்டி கண்ணு" என்றாள் அத்தை. அந்தப் பெண் அன்று உட்கார்ந்ததைப் போல இதுவரை எந்தப் பிள்ளையும் உட்கார்ந்து பார்த்ததில்லை என்று அத்தை பின்னால் சொல்வாள்.

அதிகாரி வந்தார். பின்னால் பெரிய டீச்சர், அவருக்குப் பின்னால் தட்டில் டீயோடு ஆயா. பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். எழுந்த பம்பரம் உட்காரவில்லை. எழுந்ததும் உடம்பின் பூட்டு திறந்துவிட்டதோ என்னவோ. நேராகப் பின்சுவரைப் பார்த்து நடந்தாள். ஓடவில்லை, வழக்கம்போல நடந்தாள். போகும் வழியிலேயே இரண்டு கையும் நீண்டுவிட்டன.

பெரிய டீச்சர் பெஞ்சுகளுக்கு இடையே விரைந்து வந்து சுவருக்கும் அவளுக்கும் குறுக்கே நின்றார்.

பம்பரம் நிற்கவில்லை. முழங்கை மடங்காமல், காலை ஊன்றி, மூச்சை விட்டுக்கொண்டே தள்ளினாள். சொல்லிக்கொடுத்தபடி ஒரு பிசகும் இல்லாமல் தள்ளினாள். பெரிய டீச்சர் சறுக்கி, பெஞ்சு முனையில் கையை ஊன்றி, மணிக்கட்டு மடங்கி விழுந்தார். ஆயா கையிலிருந்த தட்டு விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் பம்பரம் ஈரச் சுவரில் கையைப் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். இதை ஆயாவும் அத்தையும் எனக்குத் தனித்தனியே சொன்னார்கள்; இரண்டு பேர் சொன்னதும் ஒன்றாகத்தான் இருந்தது.

அதிகாரி கோபப்படவில்லை. "இந்த மாதிரிக் குழந்தைங்களைப் பாத்துக்க இங்க வசதி இல்லையே" என்று மட்டும் சொன்னார். அங்கீகாரம் வேண்டி நிற்பவருக்கு அதைவிடப் பெரிய வார்த்தை வேண்டியதில்லை.

மாலையில் தையல்காரியைக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். பெரிய டீச்சர் மணிக்கட்டில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். பம்பரம் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கைகளில் பெயிண்ட் காய்ந்து வெடித்திருந்தது.

"டீச்சர்," என்றார் பெரிய டீச்சர் அத்தையிடம், "தள்ளுறது உங்க வகுப்புல ஒரு பயிற்சின்னு சொல்றாங்க. ஆளைத் தள்ளுறது நீங்க சொல்லிக் குடுத்ததா?"

"இல்லைங்க," என்றாள் அத்தை. "சுவரைத் தள்ளத்தான் சொல்லிக் குடுத்தேன்."

அது உண்மைதான். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அந்த உண்மையோடு நிறுத்தினாள். இன்று காலை நான்தான் தடுத்தேன், அடக்கி வைத்தது நான், கடன் சொன்னது நான் என்பதை அவள் சொல்லவில்லை. தையல்காரி அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், இன்னும் ஏதாவது வரும் என்பதுபோல. அத்தை மேசைமேல் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பம்பரம்தான் பேசினாள். "நானும் சுவரைத்தான் தள்ளினேன். பெரிய டீச்சர் நடுவுல வந்துட்டாங்க."

பெரிய டீச்சர் கட்டுப் போடாத கையால் பதிவேட்டைத் திறந்து அவள் பெயரை அடித்தார்.

மறுநாள் மணி அடிக்கும் முன்பே அத்தை அலுவலகத்தில் போய் நின்றாள். முந்தின நாள் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொன்னாள்.

பெரிய டீச்சர் கேட்டுவிட்டு, "இதை நேத்தே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"பயமா இருந்துச்சுங்க."

"எனக்கு மட்டும் என்ன? அந்தப் புள்ளை மேல எனக்குக் கோபம் இல்ல டீச்சர். ஆனா நாளைக்கு மாடிப்படியில ஒரு சின்னப் புள்ளை குறுக்க வந்தா? யார் பதில் சொல்றது? பேரை எடுத்தாச்சுன்னு நேத்தே அதிகாரிக்குச் சொல்லிட்டேன்."

"நான் போய் அவர்கிட்ட பேசுறேங்க."

"போங்க. நான் தடுக்கல."

போனாள். அதிகாரியின் அலுவலகத்து நீள பெஞ்சில் மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்தாள். கடைசியில் உள்ளே விட்டபோது அதிகாரி, "நீங்க நிரந்தரமா, தற்காலிகமா?" என்று கேட்டார். தற்காலிகம் என்றாள். "அப்ப முதல்ல உங்க வேலையைப் பாத்துக்கங்கம்மா" என்றார். கெட்ட மனிதராகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார் என்று அத்தை சொல்லிச் சொல்லி அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தையல்காரி வீட்டுக்குப் போனாள். ஒரு மரப்பட்டறைக்குப் பின்னால் வரிசையாக ஒற்றை அறைகள். அறைக்கும் அறைக்கும் நடுவே தகரத் தடுப்பு. நாங்கள் சந்துக்குள் நுழையும்போதே தகரம் இடி இடிப்பதுபோல அதிர்ந்தது. "அந்தச் சனியனை அடக்க மாட்டியா?" என்று பக்கத்து அறையிலிருந்து ஒரு ஆள் கத்தினார்.

கதவு திறந்திருந்தது. தையல்காரி கம்பெனியை விட்டுவிட்டு, துணியை வீட்டுக்கு வாங்கி வந்து தைத்துக்கொண்டிருந்தாள். பம்பரத்தின் இடுப்பில் ஒரு பழைய சேலைத் துணி. அதன் மறுமுனை மிஷின் காலில். துணி வலிக்காதபடி அகலமாக மடித்துத்தான் கட்டியிருந்தாள். அது எட்டிய தூரம்வரை வந்து அந்தப் பெண் தகரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அத்தையைக் கண்டதும் முகம் மலர்ந்துபோனது. "டீச்சர், நாளைக்கு வந்துடுச்சா?"

அத்தை வாசலைத் தாண்டக் காலை எடுத்து வைத்தாள். தையல்காரி எழுந்து வந்து குறுக்கே நின்றாள்.

"வேணாம் டீச்சர். நீங்க சொல்லிக் குடுத்தது போதும்."

"அம்மா, நான் அடுத்த நாளே போய்ச் சொன்னேன்…"

"அடுத்த நாள் சொன்னீங்க. அன்னிக்கு நான் உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னேனே, அது தெரியலையா உங்களுக்கு?" குரலை உயர்த்தவில்லை. வாயில் இருந்த ஊசியை எடுத்துச் சேலையில் குத்திக்கொண்டாள். "உங்களை நான் கை எடுத்துக் கும்பிட்டவ டீச்சர். போயிடுங்க."

"வேற பள்ளிக்கூடம் பாக்குறேன். பாத்துட்டு அடுத்த ஞாயிறு வர்றேன். நான் வராம இருக்க மாட்டேன்."

"அம்மா, டீச்சர் ரெண்டு சுவர் தரணும்" என்றாள் பம்பரம் உள்ளேயிருந்து. "கடன் இருக்கு."

அந்த வாரம் முழுக்க அத்தை பள்ளி விட்டதும் மற்றப் பள்ளிகளுக்கு அலைந்தாள். வாசல்காரனிடம் கெஞ்சினாள், வாயிற்கதவு மூடிவிட்டால் மறுநாள் போனாள். கடைசியில் ஊர் எல்லையில் ஒரு பள்ளியில், "கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார்கள். அந்தப் 'பாக்கலாம்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஞாயிறுவரை நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு போனோம். அறையில் பூட்டு இல்லை. பூட்ட வேண்டிய எதுவும் இல்லை. தரையில் நூலும் வெட்டுத் துணியும். பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். "காலி பண்ணச் சொன்னது நான் இல்ல, வீட்டுக்காரரு" என்றார் நாங்கள் கேட்கும் முன்பே. எங்கே போனார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. தையல் கம்பெனியிலும் தெரியவில்லை. அத்தை அந்தத் தகரத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றாள். கை வைக்கவில்லை.

அவளுக்குக் கையெழுத்து கிடைத்தது. அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் கிடைத்தது. வகுப்பில் சுவர் தள்ளுவது தடை. உட்கார்ந்த இடத்தில் உள்ளங்கையை அழுத்தும் பயிற்சி மட்டும் நடந்தது. பெரிய டீச்சர் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிடுவார். சாயங்காலங்களில் அத்தை ஏதாவது ஒரு பள்ளியின் எதிர்ச் சாரியில் நின்று, வெளியே வரும் பெண்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்துச் சுவரில் கை பதிந்திருக்கும். "யாரைத் தேடுறீங்க?" என்று காவலாளி கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. ஏழு வயது முகம்தான் அவளுக்குத் தெரியும். அந்தப் பெண்ணோ வளர்ந்துகொண்டே இருந்தாள்.

"அதுக்கு மேல நீ என்னம்மா செய்வ?" என்று அப்பா ஒருநாள் கேட்டார். கேலி இல்லாமல் கேட்டார்.

"அதுக்கு முன்னாடி செஞ்சிருக்கணும்ணே."

நான் படித்ததை வைத்து அவளுக்கு ஆறுதல் சொல்லப் பார்த்தேன். பம்பரத்தின் உடம்பில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது, சுவர் இல்லாவிட்டால் வேறு எதிலாவது முடிந்திருக்கும், பயிற்சியால்தான் அவள் உட்கார்ந்தாள் என்பதற்கே சான்று இல்லை என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "அப்ப அன்னிக்குக் காலையில அவ ரெண்டு பாடம் உட்கார்ந்தாளே, பட்டதாரி? அது சுவர் இல்லாம உட்கார்ந்தது. நாளைக்குத் தருவேன்னு நம்பி உட்கார்ந்தது" என்றாள். புத்தகத்தில் அதற்கு இடம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

போன வருடம் அத்தைக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். கண்டுபிடித்தபோதே முற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது. படுத்தபடியே திரும்பி, ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொள்வாள். தள்ளப் பலம் இல்லை; வைத்திருப்பாள், அவ்வளவுதான். எழுந்திருக்கப் பார்க்கிறாள் என்று நினைத்து நர்ஸ் கையை எடுத்துப் போர்வைக்குள் வைப்பாள். அவள் போனதும் கை மறுபடி சுவருக்குப் போகும்.

"அவளைப் பாத்தா நான் சொல்றேன் அத்தை" என்றேன் ஒரு மத்தியானம். "என்ன சொல்லணும்னு மட்டும் சொல்லுங்க."

சுவரில் இருந்த கையை எடுக்காமல் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். "அன்னிக்கு ரெண்டு சுவர்னு வாயால சொன்னதோட சரி. தரணும்."

அந்த வாரமே போய்விட்டாள். பம்பரம் எங்கே இருக்கிறாள், எந்தப் பெஞ்சிலாவது உட்கார்ந்தாளா, இடுப்பில் கட்டிய துணியை எப்போது அவிழ்த்தார்கள், எதுவும் எங்களுக்குத் தெரியாது. அத்தை பெயரில் ரெண்டு சுவர் இன்னும் பாக்கி நிற்கிறது.